பத்து மணிக்கு மேல் வலப்பக்கம் போன அம்புகள்: சக்கர நாற்காலி வில்வீரர் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்தில் தென்னை ஏறிப் பிழைத்தவர் ஒருவர். மரத்திலிருந்து விழுந்ததில் மார்புப் பகுதியின் 10-ஆம் முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. தோளும் கையும் மரமேறியின் தோளும் கையுமாகவே இருக்கின்றன. வில்லுக்கு வந்தது அதற்குப் பிறகு. கொங்கு வட்டார மைதானங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சிக்கல்களை ஒரே வீரரின் மேல் கோத்து எழுதியிருக்கிறோம். பெயர் சொல்லாததற்குக் காரணம் அதுதான். அளவுகளையும் கணக்கையும் சோதனை முறைகளையும் யாரும் தங்கள் மைதானத்தில் செய்து பார்க்கலாம்.

அவர் வலக்கை வீரர். ரிகர்வ் வில் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில்), 25 இன்ச் ரைசர் (நடுப்பிடி), மொத்த நீளம் 68 இன்ச், முழு இழுப்பில் விரலில் விழும் எடை 38 பவுண்டு. ஓப்பன் பிரிவு, 70 மீட்டர் தூரம், 122 செ.மீ. இலக்குத் தாள். தரவரிசைச் சுற்றுக்கு 72 அம்பு, எண்ட் (ஒரு தவணையில் எய்யும் அம்புகள்) ஒன்றுக்கு 6 வீதம் 12 எண்ட். நாற்காலி, உதவி முகாமில் கிடைத்த சாதாரண மடக்கு நாற்காலி. கைப்பிடியை மட்டும் அறுத்து எடுத்திருந்தார்.

இடையில் ஒரு விஷயம். ஊனமுற்றோர் தனித்துவ அடையாள அட்டையில் 40 விழுக்காட்டுக்கு மேல் போட்டிருந்தால் போட்டிக்குப் போதும் என்று பலர் நம்பி வருகிறார்கள். அது அரசு உதவிகளுக்கான கணக்கு. போட்டிக்கு வகைப்படுத்தும் குழு தனியாகத் தசைவலு, மூட்டு அசைவு, உறுப்புக் குறைபாடு ஆகியவற்றைச் சோதித்துப் பிரிவு தரும். கை, கால், உடற்பகுதி எல்லாவற்றிலும் பாதிப்புள்ளவர்கள் டபிள்யூ1. மற்றவர்கள் ஓப்பன், அதில் நின்று எய்பவரும் உட்கார்ந்து எய்பவரும் ஒன்றாகவே மோதுவார்கள். வார், உடல்தாங்கி, முக்காலி, வாயில் கடிக்கும் நாண்பட்டை என்று எந்தத் துணைக்கருவி வேண்டுமானாலும் அந்தக் குழு தரும் அட்டையில் ஏறியிருக்க வேண்டும். அட்டையில் இல்லாத வாரைக் களத்தில் கட்ட முடியாது.

சிக்கல் என்னவென்றால்

காலை ஏழரைக்குப் பயிற்சி தொடங்கும். முதல் ஆறு எண்ட் தாளின் நடுவிலுள்ள மஞ்சளில் அழகாக விழும். ஏழாவது எண்டிலிருந்து அம்புக்கூட்டம் மெல்ல வலப்பக்கம் நகரும், கொஞ்சம் கீழேயும் இறங்கும். பத்தாவது எண்டில் கூட்டத்தின் நடு, மையத்திலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. வலப்பக்கம். இந்தத் தாளில் ஒவ்வொரு வளையமும் 6.1 செ.மீ. அகலம். 12 செ.மீ. விலகினால் ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுக்கோட்டில் நிற்கிறோம் என்று பொருள். கூட்டம் சிதறவில்லை, இறுக்கமாகவே இருந்தது. இதுதான் முதல் துப்பு. களைப்பால் கெடும் எய்தல் அம்புகளைச் சிதறடிக்கும். ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் தள்ளினால் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது.

வலக்கை வீரருக்கு அம்பு வலப்பக்கம் போனால் தண்டு மெலிவு, அதாவது அம்புத்தண்டு தேவைக்கு மேல் வளைகிறது என்று கையேடு சொல்லும். எனவே வீரரும் பயிற்சியாளர்களும் முதலில் வில்லில் கைவைத்தார்கள். அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் சிறு முளையான பிளஞ்சரின் ஸ்பிரிங்கை இறுக்கினார்கள். பிறகு ஒரு படி விறைப்பான தண்டுகள் ஒரு டஜன் வாங்கினார்கள். கூட்டம் நகர்வது நிற்கவில்லை. கடைசியாகக் குறிபார்க்கும் கருவியான சைட்டை அம்பு போகும் திசையிலேயே நகர்த்தி எண்களைச் சரிக்கட்டினார்கள். மறுநாள் காலை முதல் எண்டே இடப்பக்கம் போனது.

சைட்டை நகர்த்தியதால் வந்த வினை போட்டியில்தான் முழுதாகத் தெரிந்தது. தரவரிசைச் சுற்றின் பின்பாதியில் நகர்த்திய சைட்டோடு, ஒருவரோடு ஒருவர் மோதும் நேரடி ஆட்டத்துக்குப் போனார். அங்கே வேறு இலக்கு, வேறு தடம், மிதிபடாத தரை. செட்டுக்கு மூன்று அம்பு, வென்றவருக்கு 2 புள்ளி, முதலில் 6 புள்ளி தொடுபவருக்கு ஆட்டம். சைட் எங்கே என்று தேடி முடிப்பதற்குள் இரண்டு செட் போய்விட்டது. அம்பு ஒன்றுக்கு 20 விநாடி தரும் ஆட்டத்தில் தேடுவதற்கு நேரம் ஏது?

வில்லில் குற்றமில்லை என்று தெளிந்தது

18 மீட்டரில் இறகில்லாத தண்டு மூன்றும் இறகுள்ளவை மூன்றும் எய்து பார்த்தால், இறகில்லாதவை கூட்டத்தோடு சேர்ந்து விழுந்தன. தண்டு வில்லுக்குப் பொருந்தியே இருந்தது, பழைய டஜனும் சரி. புது டஜனுக்குக் கொடுத்த பணம்தான் வீண்.

அடுத்து அம்புக்கு 1 முதல் 6 வரை எண் போட்டு, ஒவ்வொன்றும் விழுந்த இடத்தைத் தாளில் எண்டுக்கு ஒரு நிறமாகக் குறித்தார்கள். இதற்குச் செலவு ஒரு பள்ளிக்கூட நோட்டு. குறிப்பிட்ட அம்பு மட்டும் விலகினால் அம்பில் கோளாறு. இங்கே ஆறும் சேர்ந்தே நகர்ந்தன. எண்ட் ஏற ஏற ஒரே திசையில் படிபடியாக நகர்ந்தன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். காற்று மட்டும் காரணமானால் கூடியும் குறைந்தும் போயிருக்கும்.

காற்று என்று சொன்னதால் அதையும் பார்த்துவிடுவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கிழக்காக அடித்து நகர்த்தும் ஊர் இது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். வெயில் கண்ணில் படாமலிருக்க மைதானத்தை வடக்குப் பார்த்து அமைப்பார்கள். வடக்கே எய்கிறவருக்குக் காற்று இடப்பக்கத்திலிருந்து வரும், அம்பை வலப்பக்கம் தள்ளும். காலையில் அமைதி, பத்து மணிக்கு மேல் வேகம். ஆகவே காற்றுதான் என்று எல்லோரும் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது பாதிதான்.

பிரித்துப் பார்க்க நான்கு சோதனை வைத்தார்கள். காற்றில்லாத நேரத்தில் மண்தரை, காற்றில்லாத நேரத்தில் சிமெண்ட் தரை, காற்றில் மண்தரை, காற்றில் சிமெண்ட் தரை. ஒவ்வொன்றிலும் 72 அம்பு, நான்கு தனித்தனி நாளில். காற்றில்லாத சிமெண்ட் தரையில் கூட்டம் அசையவே இல்லை. காற்றுள்ள சிமெண்ட் தரையில் வலப்பக்கம் போனது, ஆனால் போன இடத்திலேயே நின்றது. காற்றில்லாத மண்தரையில் மெல்ல மெல்ல நகர்ந்தது. காற்றோடு மண்தரையும் சேர்ந்தபோதுதான் அந்த 12 செ.மீ.

மண்ணுக்குள் போன சக்கரம்

செம்மண் தரை, முந்தின நாள் பெய்த சாரலில் மேலாகப் பொதுபொதுத்திருந்தது. பத்தாவது எண்ட் முடிந்ததும் குனிந்து பார்த்தால், முன்பக்கத்துச் சிறு சக்கரம் இரண்டும் தமக்கென்று ஆளுக்கொரு குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. விளிம்பில் மண் பிதுங்கி உதடுபோல் எழும்பியிருந்தது. ஆழம் 1 செ.மீ. பின்பக்கத்துப் பெரிய சக்கரம் தரையில் கோடு மட்டும் போட்டிருந்தது.

முதுகுச் சட்டத்தின் உச்சியில் நூல் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார்கள். நூல் 40 செ.மீ. முதல் எண்டுக்கு முன் குண்டின் நுனி நின்ற இடத்தைச் சட்டத்தில் பென்சிலால் குறித்திருந்தார்கள். பத்தாவது எண்டுக்குப் பின் நுனி 9 மி.மீ. முன்னே வந்திருந்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 45 செ.மீ., அதில் முன்பக்கம் 1 செ.மீ. இறங்கினால் 1.3 டிகிரி சாய்வு. 40 செ.மீ. நூலில் 9 மி.மீ. என்பதும் அதே 1.3 டிகிரி. இரண்டு அளவும் ஒத்துப் போயின.

இந்தச் சாய்வு ஏன் அம்பை வலப்பக்கம் அனுப்புகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நாற்காலியில் எந்தப் பக்கச் சாய்வு என்ன செய்யும் என்பதில் பயிற்சியாளர்களே குழம்புகிறார்கள். வீரர் இலக்கைப் பார்த்து உட்காருவதில்லை. வலக்கைக்காரரின் இடத்தோள் இலக்கைப் பார்க்கும், மார்பு கிழக்கைப் பார்க்கும். நாற்காலி இடம் வலமாகச் சாய்ந்தால் உடல் இலக்கை நோக்கியோ விலகியோ சாயும். அது தோள்மட்டத்தைக் கெடுத்து அம்பை மேலும் கீழும் அனுப்பும். நாற்காலி முன்பின்னாகச் சாய்ந்தால்தான் வில்லின் தலை வலமோ இடமோ சாயும். இங்கே முன்சக்கரம் புதைந்தது, உடல் முன்னே குனிந்தது, வில்லின் மேல்நுனி வலப்பக்கம் சரிந்தது.

70 மீட்டர் போவதற்குள் இந்த எடை வில்லின் அம்பு, புவியீர்ப்பால் 7 முதல் 8 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்துக்கு ஈடாகத்தான் சைட் வைத்து அம்பை மேல்நோக்கி விடுகிறோம். வில் சாய்ந்தால் அந்த மேல்நோக்கும் சாய்கிறது. ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 13 செ.மீ. பக்கவாட்டில் போகும், 1.3 டிகிரிக்கு 17 செ.மீ. களத்தில் 12 செ.மீ. தான் வந்தது, காற்றின் பங்கையும் சேர்த்தே. காரணம், தோளும் கண்ணும் தம்மையறியாமல் பாதியைச் சரிசெய்துவிடுகின்றன. காம்பவுண்ட் வில்லில் (நுனிகளில் உருளை பூட்டிய வில்) ஸ்கோப் என்ற குறிபார்க்கும் கண்ணாடிக்குள் ரசமட்டக் குமிழி உண்டு, சாய்வைக் காட்டிக் கொடுத்துவிடும். ரிகர்வில் மட்டம் காட்டும் எதையும் பொருத்தக் கூடாது என்பது விதி. டபிள்யூ1 பிரிவிலும் அப்படியே. ஆகவே இந்தப் பிரிவுகளில் நாற்காலி சாய்ந்தால் வில்லில் அதைச் சொல்லும் பொருள் எதுவும் இல்லை.

காற்றும் இதில் கூட்டாளி. மார்பு கிழக்கே பார்த்திருப்பதால் மேல்காற்று முதுகில் அறைகிறது. நின்று எய்கிறவர் காலை ஊன்றித் தாங்குவார். இவருக்கு வயிற்றுத் தசையின் கீழ்ப்பகுதி வேலை செய்யாது, காற்று தள்ளினால் முதுகு சட்டத்தை விட்டு விலகும். மறுபடியும் முன்சாய்வு, மறுபடியும் வலப்பக்கம். அம்பை நேரடியாகத் தள்ளுவது ஒன்று, ஆளைத் தள்ளி வில்லைச் சாய்ப்பது இன்னொன்று, இரண்டும் ஒரே திசை.

சக்கரம் ஏன் படிபடியாகப் புதைந்தது?

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. உணர்வில்லாத உடம்பில் நெடுநேரம் உட்கார்ந்தால் புட்டத்தில் படுக்கைப்புண் வரும். ஒரு புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கை, வில் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எடையை இறக்க வேண்டும். மற்றவர்கள் அம்பெடுக்கப் போகும் நேரத்தில் இவர் முழங்கால்மேல் மார்பு படும்படி முன்னால் குனிந்து ஒரு நிமிடத்துக்கு மேல் இருப்பார். மிகச் சரியான பழக்கம். ஆனால் குனியும்போது உடம்பின் எடை அப்படியே முன்சக்கரத்தின் மேல் ஏறுகிறது. எண்டுக்கு ஒருமுறை, பன்னிரண்டு முறை, முளை அடிப்பதுபோல் சக்கரம் மண்ணில் இறங்கியது.

இங்கே யாராவது "குனியாமல் இரு" என்று சொல்லிவிடக் கூடாது. புள்ளியைவிடத் தோல் முக்கியம். முறையை மட்டும் மாற்றினார்கள். இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை முழங்கையைப் பெரிய சக்கரத்தில் ஊன்றிச் சாய்வது, பக்கத்துக்கு ஒரு நிமிடம். எடை பெரிய சக்கரத்துக்கே போகும், அது புதையாது. முன்குனிவு வேண்டுமென்றால் கோட்டிலிருந்து பின்னே உருட்டி வந்து செய்யலாம்.

பட்டறையில் செய்தது

கோவையில் பீளமேடு, கணபதிப் பக்கம் பம்புக்கும் மோட்டாருக்கும் கடைசல் பிடிக்கும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. வில்லின் உறுப்பு கெட்டால் இறக்குமதிக்குக் காத்திருக்க வேண்டும். நாற்காலியின் உறுப்பு நாலு தெரு தள்ளி ஆகிவிடும்.

"அண்ணா, முன்னாடி சக்கரம் மண்ணுக்குள்ள போயிருதுங்க. அகலமாப் போட்டுத் தர முடியுங்களா?"

"போட்டுரலாமுங்க தம்பி. ஆனா சக்கரம் பெருசானா முன்னாடி தூக்கும், பார்த்துக்கோங்க."

பட்டறைக்காரர் சொன்னது நடந்தது. 5 இன்ச் விட்டம், 25 மி.மீ. அகலமுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பதிலாக 6 இன்ச் விட்டம், 50 மி.மீ. அகலமுள்ள ரப்பர் சக்கரம் போட்டதும் முன்பக்கம் 12.7 மி.மீ. உயர்ந்தது. ஆள் பின்னே சாய்ந்தார், அம்பு இடப்பக்கம் போனது. சக்கரத்தைப் பிடிக்கும் கவையில் அச்சுத் துளையை 12.7 மி.மீ. மேலே ஏற்றித் துளைத்ததும் ரசமட்டம் நடுவில் நின்றது. சக்கரத்தை மாற்றுகிறவர்கள் இந்தத் துளையை மறக்காதீர்கள்.

அடுத்தது செலவே இல்லாத வேலை. கோட்டில் வந்து நின்றதும் நாற்காலியை ஒரு சாண் பின்னே உருட்டினால் முன்சக்கரங்கள் இரண்டும் சுழன்று முன்பக்கம் நீட்டிக்கொள்ளும். சக்கர இடைவெளி 45 செ.மீ. இலிருந்து 55 ஆகிறது. அதே 1 செ.மீ. புதைந்தாலும் சாய்வு ஒரு டிகிரிதான், முன்சக்கரத்தின் மேல் எடையும் குறைகிறது. முன்னே உருட்டி நிறுத்தினால் இது தலைகீழாகிவிடும்.

இருக்கைத் துணி தொட்டில்போல் தொய்ந்திருந்தது. 12 மி.மீ. பிளைவுட்டை அளவுக்கு அறுத்து, ஓரத்தை உருட்டித் தேய்த்து மெத்தைக்கு அடியில் வைத்தார்கள். பலகையின் மேல் மெத்தை இல்லாமல் ஒரு நிமிடம்கூட உட்காரக் கூடாது. டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவு, பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணின்படி. ஒன்று மெலிந்திருந்தால் தோள்மட்டம் போய்விடும்.

முதுகுச் சட்டத்தை உயர்த்தலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். விதி இடம் தராது. உடலைத் தாங்கும் சட்டத்தின் மேல்விளிம்பு அக்குளுக்குக் கீழே குறைந்தது 110 மி.மீ. இருக்க வேண்டும். பிளைவுட் வைத்ததில் ஆள் உயர்ந்ததால் இடைவெளி கூடிற்று, நல்லதாயிற்று. மெத்தை மெலிந்து ஆள் இறங்கினால் அதே சட்டம் விதியை மீறிவிடும், எனவே கருவிச் சோதனைக்கு முன் மெத்தையோடு அளக்க வேண்டும். காற்று தள்ளுவதைத் தாங்க 5 செ.மீ. அகல வார் ஒன்று கீழ்விலா மட்டத்தில் முதுகுச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார்கள், வகைப்படுத்தும் அட்டையில் ஏற்றிய பிறகுதான். வாருக்கும் விலாவுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கினால் முழு இழுப்பில் மூச்சு முட்டும், வயிற்றுக்கு இறங்கினால் தோல் அறுபடும், அவருக்கு அது தெரியவும் தெரியாது.

கீழ்நுனி சக்கரத்தில் படுகிறதா?

இந்த வீரருக்கு அவ்வப்போது ஓர் அம்பு காரணமின்றிப் பறந்து போகும், மாதத்துக்கு இரண்டு மூன்று. முழு இழுப்பில் 68 இன்ச் வில்லின் கீழ்நுனி ஆளை நோக்கி வளைந்து வரும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இடப்பக்கச் சக்கரத்துக்கு அருகே நிற்கும். கீழ்நுனியில் ஈரச் சுண்ணாம்பைத் தடவி ஒரு டஜன் எய்யச் சொன்னார்கள். டயரில் வெள்ளைக் கீற்று ஒன்று விழுந்தது. பிளைவுட் தந்த உயரத்தோடு வளையும் கையான லிம்பை ஒரு அளவு குறைத்து வில்லை 66 இன்ச் ஆக்கியதும் கீற்று விழுவது நின்றது. லிம்ப் மாறினால் எடையும், பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியான நாணுயரமும் மாறும், பிளஞ்சரை மறுபடி வைக்க வேண்டியிருந்தது.

பின்பு

செம்மண் தரையில், அதே ஆடிக்காற்றில், 72 அம்பு. பன்னிரண்டாவது எண்டுக்குப் பிறகு தூக்குக்குண்டு 2 மி.மீ. தான் நகர்ந்திருந்தது. அம்புக்கூட்டம் காற்று தள்ளிய அளவுக்கு வலப்பக்கம் போய் அங்கேயே நின்றது. அது சைட்டை ஒருமுறை திருப்பி முடித்துக்கொள்ளும் வேலை.

1948 ஜூலை 29-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் நாற்காலியில் அமர்ந்து வில்லெடுத்தார்கள், அதுதான் பாராலிம்பிக்கின் வித்து. 1960 ரோம் முதல் வில்வித்தை அதில் இருக்கிறது. 2024 பாரிஸில் ரிகர்வ் ஓப்பன் பிரிவில் ஹர்விந்தர் சிங் இறுதியாட்டத்தை 6-0 என்று வென்று தங்கம் வாங்கினார். அதே பாரிஸில் கைகளின்றிக் காலால் வில்பிடித்து ஷீத்தல் தேவி, ராகேஷ் குமாரோடு கலப்பு அணியில் வெண்கலம் வென்றார். அதைக் கேட்டு விசைத்தறியிலும் பிரஸ்ஸிலும் கையிழந்தவர்கள் இப்போது மைதானத்துக்கு வந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு நாண்பட்டையைக் கடித்து இழுக்கும் முறை இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது பல்லும் தாடையும், வில்லின் எடை பிறகு.

நம் வீரரிடம் இன்னும் தீராத ஒன்று, மைதானத்துக் கழிவறை. வாசலில் இரண்டு படி, கதவு நாற்காலியை விடக் குறுகல். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டியவர், அங்கே போக முடியாது என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார். சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்து அவர் இழந்த பயிற்சி நாட்கள், சக்கரம் புதைந்ததால் இழந்ததைவிட அதிகம். படிக்குச் சாய்தளம் வைக்க 1-க்கு 12 சரிவு போதும். படி இரண்டும் சேர்ந்து 30 செ.மீ., ஆக 3.6 மீட்டர் நீளம். கதவுக்கு 90 செ.மீ. அகலம். இதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.